அத்திப்பட்டுக்கு ஒரு பென்ஷன்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போய்ச் சேருவதற்கென்று நமது நாட்டில் சில ஊர்கள் இருக்கின்றன. புண்ணியத்தில் நாட்டமுள்ளவர்கள் ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் வீடு பார்க்கிறார்கள். நல்ல தண்ணீரிலும் குளிர்ந்த காற்றிலும் நாட்டமுள்ளவர்கள் கோயம்புத்தூருக்குப் போகிறார்கள். பிள்ளைகள் அயல் தேசத்தில் இருக்கப் பெற்றவர்கள் ஆறு மாதம் அமெரிக்காவிலும் ஆறு மாதம் அம்பத்தூரிலுமாகக் காலம் தள்ளுகிறார்கள். நானோ அத்திப்பட்டில் தங்கிவிட்டேன். இதைச் சொன்னால், கேட்பவர்கள் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள். "அங்கே என்ன ஐயா இருக்கிறது?" என்கிறார்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுவதற்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை போதாது. ஆனாலும் முயன்று பார்க்கிறேன்.

நேயர்கள் ஒரு நாள் சாவகாசமாகப் புறப்பட்டு, சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். வலது கைப்பக்கம், ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று ஸ்டேஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எண்ணூரைத் தாண்டியதும் ரெயிலின் சத்தம் மாறும். பாலத்தின்மேல் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். கீழே ஓடுவது கொசஸ்தலை ஆறு. பூண்டி அணையில் மிஞ்சிய வெள்ளமெல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அந்த அணைக்கு 1940-இல் அடிக்கல் நாட்டச் செய்தவர் அப்போது சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி. 1944-இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பெயர் மட்டும் அந்த நீர்த்தேக்கத்துக்கு நிலைத்திருக்கிறது. சென்னை குடித்ததுபோக மிச்சத்தை அத்திப்பட்டுப் பக்கம் அனுப்பிவைக்கும் ஏற்பாடு அன்று முதலே ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலத்தின் வலது புறம் பார்த்தால், ஆறும் கடலும் கைகோக்கும் கழிமுகம் அகன்று கிடக்கும். அதற்கப்பால் வானத்தைத் தொடும் புகைக்கூண்டுகள். அவற்றுக்கும் அப்பால், பளுத்தூக்கிகளின் இரும்புக் கைகள். பாலத்தைக் கடந்ததும் அத்திப்பட்டு புதுநகர். அதற்கு அடுத்தது அத்திப்பட்டு. இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போனால், வட காஞ்சி என்று பெயர் பெற்ற மீஞ்சூர்.

1978-ஆம் வருஷத்தில், ரெயில்வே குமாஸ்தாவாக, மாற்றலாகி இந்தப் பக்கம் வந்தேன். அப்போது ஸ்டேஷனில் இறங்கியவன் கண்ணில் முதலில் பட்டது வெள்ளை. எங்கு பார்த்தாலும் உப்பளம். நிலாக் காலத்தில், பூமியே பாலில் நனைந்து கிடக்கிறதோ என்று தோன்றும். கடல் ஏறும் நேரம் பார்த்து வாய்க்கால் வழியாக நீரைப் பெரிய பாத்திகளுக்குள் விடுவார்கள். அதை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய வைப்பார்கள். நீரின் கனம் ஏற ஏற, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். நீண்ட பிடியுள்ள மரப் பலகையால் அதை வாரிக் கரையில் குவித்து, மழைக்கு முன்னால் பனையோலை போட்டு மூடுவார்கள். தை, மாசியில் ஆரம்பிக்கும் இந்த வேலை ஐப்பசி மழையோடு முடிந்துவிடும். சூரியன், காற்று, மனிதனின் முதுகு ஆகிய மூன்றும்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

உப்பைப்பற்றிப் பேசும்போது 1930-ஆம் வருஷத்தை மறக்க முடியுமா? மகாத்மா தண்டியிலும், ராஜாஜி வேதாரண்யத்திலும் ஒரு பிடி உப்பை எடுத்து ஒரு சாம்ராஜ்யத்தை ஆட்டி வைத்தார்கள். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. வரி ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அத்திப்பட்டில் இன்று உப்பளங்களே பெரும்பாலும் ஒழிந்து, அந்த இடத்தில் கரி மலைகளும் சாம்பல் ஏரிகளும் நிற்கின்றன. வெள்ளை நிறம் கறுப்பாயிற்று, கறுப்பு சாம்பலாயிற்று. மனிதன் தலைமயிர் இதற்கு நேர் எதிரான வரிசையில் மாறுகிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்!

உப்புக்கும் முன்னால் இந்தப் பிரதேசம் பட்டணத்துக்குச் செய்த சேவை ஒன்று உண்டு. 1806-இல் வேலை தொடங்கி, சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் பதினொரு மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். முதலில் அதற்குக் கொக்ரேன் கால்வாய் என்று பெயர். தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, சென்னை நகரத்துக்குள் அதன் வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். 1878-இல் அதற்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயரை வைப்பதென்றால் கால்வாயின் நீளம் போதாமல் போயிருக்கும் அல்லவா? அந்தக் கால்வாய் வழியாகத்தான் வடக்கேயிருந்து சவுக்கு விறகும் உப்பும் மீனும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. பட்டணத்து அடுப்பு எரிந்தது இந்தத் தண்ணீரினால் என்று சொன்னால் முரண்பாடாகத் தோன்றும். ஆனால் அதுதான் உண்மை.

விறகுக் காலம் போய் மின்சாரக் காலம் வந்தது. அப்போதும் பட்டணம் வடக்கேதான் கையை நீட்டியது. எண்ணூரில் 1970-இல் ஓர் அனல் மின் நிலையம் வேலையைத் தொடங்கி, வளர்ந்து 450 மெகாவாட் வரையில் கொடுத்தது. 2017-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் ஓய்வு! நான் அறுபது வரையில் உழைத்தேன் என்று அந்த நிலையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் மூன்று யந்திரங்கள் 1994-க்கும் 1996-க்கும் இடையே ஓட ஆரம்பித்தன. பிறகு 600 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு சேர்ந்தன. 2024-இல் 800 மெகாவாட் யந்திரம் ஒன்றும் திறக்கப்பட்டது. பக்கத்து வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் தனியாக இருக்கிறது. சென்னையில் ஒரு குழந்தை புழுக்கம் தாங்காமல் அழும்போது தாயார் எழுந்து விசிறியைத் தட்டிவிடுகிறாள். அந்தக் காற்றில் அத்திப்பட்டின் மூச்சு கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிகிறது. என் சகதர்மிணி தினமும் காலையில் துளசிக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஈரத் துணியால் அதன் இலைகளைத் துடைக்கிறாள். "விபூதிக்குப் பஞ்சமில்லாத ஊர்" என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. "விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், நெஞ்சுக்குள்ளே இட்டுக்கொள்ள முடியுமா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அதன் பிறகு அந்த வேடிக்கையை நான் சொல்வதில்லை.

இனி, முதுமையைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் இரண்டும் என்னோடு ஒத்துழையாமை இயக்கம் நடத்துகின்றன. காது மந்தமானதில் ஒரு லாபம். இரவில் சரக்கு ரெயில் ஊதுவது முன்போல் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஐந்தரைக்கு ஸ்டேஷன் பக்கத்திலுள்ள டீக்கடைக்குப் போய்ச் சேருவேன். சர்க்கரை இல்லாத டீயும், சர்க்கரை நிறைந்த சம்பாஷணையும் அங்கே கிடைக்கும்.

முதுமை வந்தால் உலகம் சுருங்கிவிடும் என்பார்கள். வீடு, வாசல், மருந்துக்கடை, கோயில் என்று எல்லை குறுகிவிடுமாம். அத்திப்பட்டில் அந்தப் பயம் இல்லை. உலகமே கப்பலேறி இங்கே வருகிறது. காமராஜர் துறைமுகம் என்று இன்று வழங்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வேலையைத் தொடங்கியது. மின் நிலையத்துக்காக ஒரிஸ்ஸாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே வந்து இறங்குகிறது. புத்தம் புதிய மோட்டார் கார்கள் இங்கிருந்து கப்பலேறிக் கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன. 2019 முதல், குளிரினால் திரவமாக்கப்பட்ட இயற்கை வாயுவும் பெரிய கப்பல்களில் வந்து இறங்குகிறது.

ஆகையால் எங்கள் டீக்கடையில் உலக விவகாரம் என்பது வெறும் அரட்டை அல்ல. அது வீட்டுச் செலவுக் கணக்கு. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனின்மீது படையெடுத்தது. உலகமெங்கும் நிலக்கரி விலை ஏறிற்று. அந்த வருஷம் மத்திய சர்க்கார், உள்நாட்டுக் கரியோடு அயல்நாட்டுக் கரியையும் கலந்து எரிக்கும்படி மின் நிலையங்களுக்கு உத்தரவிட்டது. "எங்கேயோ குண்டு போட்டா, இங்கே அடுப்பு எரியுதே ஐயா!" என்றார் கடைக்காரர். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. லாரி ஓட்டும் வாலிபர்கள் இது உலகத்தில் நடக்காத அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள். 1967-இல் மூடிய சூயஸ் கால்வாய் 1975 வரையில், எட்டு வருஷம், மூடியே கிடந்தது என்று நான் சொன்னேன். "எட்டு வருஷமா, தாத்தா?" என்று வாயைப் பிளந்தார்கள்.

முதியவர்களால் உலகத்துக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வருகிறது. புதிதாக வந்தவனுக்கு இன்றைய நிலைமையே என்றைக்கும் உள்ள நிலைமையாகத் தோன்றும். முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு கிழவன் வேண்டும். அளவுகோல் இல்லாமல் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எப்படி அளப்பது?

இந்த அளவுகோலுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை நடக்கிறது. நவம்பர் மாதம் வந்தால், மத்திய சர்க்காரிடம் பென்ஷன் வாங்கும் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். "நான் இதோ நிற்கிறேனே!" என்று சொன்னால் போதாது. முன்பெல்லாம் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' என்ற யந்திர முறை வந்தது. ஒரு வருஷம் யந்திரத்தின்மேல் விரலை வைத்தேன். அது என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. "துடைச்சிட்டு வையுங்க, தாத்தா" என்றாள் அங்கே இருந்த பெண். துடைத்து வைத்தேன், அப்போதும் இல்லை. நாலாவது தடவைதான் நான் உயிரோடு இருப்பதை யந்திரம் ஒப்புக்கொண்டது. இப்போது முகத்தைக் காட்டினாலும் போதும் என்கிறார்கள்.

என்னுடைய கஷ்டம் ஒரு கஷ்டமே அல்ல என்பதை டீக்கடை நண்பர் ஒருவரிடம் தெரிந்துகொண்டேன். அவர் நாற்பது வருஷம் உப்பளத்தில் பலகை பிடித்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சர்க்காரின் முதியோர் உதவித் தொகை வாங்குகிறார். 1962-இல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்த அந்தத் தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அவர் தமது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உப்பும் நீரும் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனிகள் கூழாங்கல்லைப்போல் வழவழவென்று இருந்தன. "ரேஷன் கடையிலே விரலை வைக்கச் சொல்றாங்க. ரேகை இருந்தாத்தானே? அதை உப்பு எடுத்துக்கிச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் உழைத்ததற்கு அத்தாட்சி அந்தத் தேய்ந்த விரல். அதே விரல்தான், அவர் அவர்தாம் என்பதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது!

பென்ஷன் என்பதைத் தமிழில் உபகாரச் சம்பளம் என்று எழுதுவது முன்பு நமது வழக்கமாக இருந்தது. அதாவது, மேலே இருக்கிறவர் மனமிரங்கிச் செய்யும் உபகாரம். 1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்பவர் தொடுத்த வழக்கில், நமது சுப்ரீம் கோர்ட்டு இந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது. பென்ஷன் பிச்சை அல்ல, எஜமானருடைய தயவும் அல்ல. முன்னால் செய்த உழைப்புக்குப் பின்னால் வரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. பென்ஷன்காரர்கள் அந்தத் தேதியை வருஷந்தோறும் கொண்டாடுகிறார்கள். ஜெர்மனியில் 1889-இல் பிஸ்மார்க் முதியோர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தபோது, எழுபது வயதானவர்களுக்குத்தான் பணம் என்று விதித்தார். அந்தக் காலத்தில் எழுபதைக் கண்டவர்கள் எத்தனை பேர்? இன்று உலகம் வெகுதூரம் வந்துவிட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர்.

அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. மனிதனுக்குச் சொன்ன நியாயம் ஓர் ஊருக்குப் பொருந்தாதா? இருநூறு வருஷமாக இந்தப் பிரதேசம் பட்டணத்துக்கு விறகு கொடுத்தது, உப்பு கொடுத்தது, மீன் கொடுத்தது, இன்று வெளிச்சம் கொடுக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் சென்னைத் துரைமார்கள் படகு விடுவதற்கும் சிப்பி தின்பதற்கும் எண்ணூருக்கு உல்லாசமாக வந்து போனார்கள். அந்த உழைப்புக்குப் பின்னால் அதற்குக் கிடைத்தது என்ன?

கழிமுகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். இருளர் குலத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி, இறால் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பறிக்குள் போடுகிறார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம், விரல்களே கண்கள். முன்பு கையில் தட்டுப்பட்டது சேறு. இப்போது தட்டுப்படுவது மாவு போன்ற சாம்பல். மின் நிலையத்திலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கசிந்து, ஆற்றின் அடியிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் அது படிந்துவிட்டது. சாம்பல் ஏரியை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்து ஜனங்கள் தங்களை வேறிடத்தில் குடியேற்றும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அப்போல்லாம் இந்த இடத்திலே கழி ஊன்ற முடியாது, பெரியவரே. இப்போ நடந்தே போகலாம்" என்றார் ஒரு மீனவர். 2017 ஜனவரி 28-ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் நின்று வாளி வாளியாக அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும் முதலில் அதில் கை வைத்தவர்கள் இந்த மீனவர்களே.

இதைவிட விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. 1996-இல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த கடற்கரை வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகத்தைச் சேர்ந்த சுமார் 6,500 ஏக்கர் நீரும் சதுப்பும் காக்கப்பட வேண்டிய இடமாகக் காட்டப்பட்டிருந்தது. 1997-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம் என்று 2017-இல் செய்தி வெளியாயிற்று. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு நவம்பர் மாதத்து யந்திரம்தான் நினைவுக்கு வந்தது. அலை ஏறுகிறது, இறங்குகிறது, நாரை நிற்கிறது, நண்டு ஓடுகிறது. ஆனாலும் காகிதத்தில் ரேகை இல்லாததால், ஆறு தான் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டியிருக்கிறது!

ஆற்றின் பக்கம் சாட்சி சொன்னவர்கள் யார்? வலை வீசிய மீனவர்கள். கையால் இறால் பிடித்த பெண்கள். இந்த இடத்தில் இத்தனை ஆழம் இருந்தது, இன்ன மரம் நின்றது, இன்ன மீன் கிடைத்தது என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள். மீனவர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2022-இல் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப்பற்றி விரிவான உத்தரவு பிறப்பித்து, கெட்டதைச் சீர்ப்படுத்தும் பொறுப்பைக் கெடுத்தவர்மீது வைத்தது. ஊருக்கு உரிய பென்ஷனில் முதல் தவணை இது என்று நான் எண்ணுகிறேன். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் அது முழுவதும் இறங்க வேண்டும்.

மின் நிலையம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் விளக்கு எரிகிறது. இந்தத் தெருவில் பத்துக் குடும்பங்களுக்காவது அந்த மதில்களுக்குள்ளேதான் பிழைப்பு. தேசத்துக்குத் தொழில் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலே படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்த நம்பிக்கை இன்றும் போகவில்லை. ஆனால் வீட்டில் சம்பாதிக்கிறவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சம்பாதித்து ஓய்ந்தவனைத் திண்ணையில் பட்டினி போடுகிற குடும்பத்தை நாம் குடும்பம் என்று சொல்லுவதில்லை. ஊர் விஷயத்திலும் அதுவே தர்மம்.

என் பேரன் துபாயில் வேலையாயிருக்கிறான். வாரம் ஒரு முறை டெலிபோனில் முகத்தைக் காட்டி, "தாத்தா, அங்கேயே ஏன் இருக்கிறீர்கள்? பாட்டியை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்களேன்" என்கிறான். அவன் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 1978-இல் உப்பு எந்த வரப்பு வரையில் இருந்தது, வாய்க்கால் எந்த இடத்தில் ஆற்றில் சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறோம். நானும் என் உப்பளத்து நண்பரும் போய்விட்டால், அந்த வரப்பு எந்த வரைபடத்தில் இருக்கும்?

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ ஒரு முதியவர் இருப்பார். அவர் சொன்னதையே திரும்பச் சொல்லுகிறார் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். நமது ஊரில் முன்பு ஏரி எது வரையில் இருந்தது, கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் நின்றது, எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை வருஷம், இடம், அடையாளம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊருக்கு ஜீவன் பிரமாணம் எழுதிக் கொடுக்கும் அதிகாரம், அந்த ஊரில் வாழ்ந்து மூத்தவர்களைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது?